அத்தையை அனுப்பிய வீடு

எங்கள் அத்தையை முதியோர் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்த அன்று, இனி அப்பாவோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் பேசாமல் இருப்பதே அப்பாவுக்குச் சில நாள் கழித்துத்தான் தெரிந்தது என்பதில் ஆத்திரம் இன்னும் கூடியது.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். சின்ன வயதிலேயே கணவனை இழந்து, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். அப்பா, சித்தப்பாக்கள், எல்லோருடைய பிள்ளைகளும் என்று வீடு நிறையக் கூட்டம். கூடத்தில் தறிகள். விடிந்தால் "அக்கா, காப்பி!", "அக்கா, நூல் சுத்தியாச்சா?", "அத்த, என் சட்ட எங்க?" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். எல்லாவற்றுக்கும் அத்தை, "தோ வந்துட்டேன்" என்பாள். அவள்மேல் எங்களுக்கு அவ்வளவு பிரியம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து அவளுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. குனியக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அத்தை ஒரு கையில் கோல் ஊன்றி, மறு கையில் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவள் படுக்கும் மூலையில் பாய் இல்லை, பெட்டி இல்லை. வாலாஜாபாத் தாண்டி, வயதான பெண்களுக்கென்று இருந்த ஒரு விடுதியில் அப்பா விட்டுவிட்டு வந்திருந்தார்.

"அக்காதான் கேட்டுச்சு" என்றார். நான் நம்பவில்லை. தெருவும் நம்பவில்லை. "கூடப் பொறந்தவள அநாத மாதிரி தள்ளிட்டு வந்து, அவளே கேட்டாளாம்!" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் கொதித்தேன்.

எனக்குத் தலை பின்னிவிடுவது அத்தைதான். மறுநாள் அம்மா சீப்போடு வந்தபோது ஓடிவிட்டேன். தலைவிரிகோலமாகவே பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் கேட்டதற்கு, "எங்க அத்தைய எங்கப்பா வித்துட்டாரு டீச்சர்" என்றேன். அன்று மாலையே அது அப்பா காதுக்குப் போய்விட்டது. அவர் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்.

அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்து அழுதுகொண்டிருப்பாள், கையைப் பிடித்து இழுத்து வந்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை புங்கமரத்தடியில் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு கிழவி ஏதோ சொல்ல, இரண்டு பேருக்கும் சிரிப்பு. நாற்காலியில் அத்தையை நான் பார்த்ததே இல்லை.

"அத்த, எந்திரி. வூட்டுக்குப் போலாம்."

"நான் எங்கமா வர்றது? நீ ஒக்காரு, கடலை துன்னு."

"இங்க உன்ன நல்லாப் பாத்துக்கிறாங்களா?"

அத்தை வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள். "இங்க என்ன யாரும் கூப்புடறதே இல்லமா. காலைல எழுந்ததுலேர்ந்து படுக்கிற வரைக்கும் ஒருத்தர் கூப்புடறதில்ல."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதைச் சொன்னபோது அத்தையின் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தின் நடுவில் நின்று கத்தினேன். "அங்க அத்தைய யாருமே கூப்புடறதில்லையாம்! அதுவே சொல்லிச்சு! இப்ப உங்களுக்கெல்லாம் சந்தோஷமா?"

அத்தை போன நாளிலிருந்து "அண்ணி! அண்ணி!" என்று சித்தப்பாக்கள் எதற்கெடுத்தாலும் கூப்பிடும் அம்மாதான் அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

"நெசமாவா? ஒருத்தர்கூடவா கூப்புடறதில்ல?"

"ஆமா!"

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் கிட்டே வந்தாள். பிறகு அப்பாவுக்குக் கேட்காத குரலில், "அங்க இன்னும் எடம் இருக்குதாமா?" என்றாள்.

அத்தையை அனுப்பியது போதாதா, இந்த வீட்டிலிருந்து அடுத்து யாரைத் துரத்தப் பார்க்கிறாள் இந்த அம்மா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.