பிரதர் லூர்துசாமிக்குத் தமிழில் நாலு வார்த்தை

நவம்பர் இரண்டாம் தேதி, மாலை மூன்றே முக்கால் மணி, வெயில் இருந்தும் சூடில்லாத தில்லி வானம். தலையில் விழுந்த முதல் வாளித் தண்ணீரில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. "அசையாதே, இன்னும் ரெண்டு வாளி இருக்கு. எதையும் தொட்டுடாதே" என்று குவார்ட்டர்ஸின் பின்வாசலில் நின்றபடி அம்மா சொன்னாள். நான் அப்போது எட்டாம் வகுப்பு. செய்த குற்றம், பள்ளிக்கூடத்தில் கல்லறை கழுவியது.

எங்கள் குடியிருப்பின் மதிலுக்கு அப்பால் இருந்தது அந்தக் கத்தோலிக்கப் பள்ளி. கடல் கடந்து வந்த ஐந்து துறவிகள், "பிரதர்கள்", இரண்டு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் அதைத் தொடங்கினார்களாம். என் காலத்தில் இருபத்துநான்கு வகுப்பறைகளும், ஒரு சின்னக் கோயிலும், கோயிலுக்குப் பின்னால் அந்த ஐந்து பேரின் கல்லறைகளும் இருந்தன. "கல்லறைத் திருநாள்" அன்று ஒரு கல்லறைக்கு ஒரு வகுப்பு என்று பிரித்துக்கொடுப்பார்கள். பஞ்சாபியும் வங்காளியும் சீக்கியனுமாக நாங்கள் தேய்த்துக் கழுவி, செவ்வந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். "இங்கிலீஷ் வரட்டும்னு சேர்த்தேன், சுடுகாட்டு வேலையும் சேர்த்துக் கத்துக்குடுக்கறாங்க" என்பார் அப்பா. ஆனாலும் பள்ளியை மாற்றவில்லை.

கணக்கு வாத்தியார் பிரதர் லூர்துசாமி திருநெல்வேலிக் கடற்கரைக்காரர். அந்தப் பள்ளியில் தமிழ் தெரிந்தவர்கள் அவரும் நானும்தான். வகுப்பில் இங்கிலீஷைத் தவிர வேறு பேசாதவர், மறுநாள் என்னை வராந்தாவில் மடக்கினார்.

"ஏல தஞ்சாவூரு, நேத்து அம்மா எத்தன வாளி ஊத்துனாவ?"

"மூணு, பிரதர்."

"போன வருசம் ரெண்டுதாம்ல! வெலவாசிதான் ஏறுதுன்னு பாத்தா இதுவும் ஏறுதே."

சிரித்து முடித்தவர் கல்லறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அங்க கெடக்க அஞ்சு பேத்துக்கும் அவுக பாசை தெரிஞ்ச ஒருத்தன் வரலல. நான் போனா நீயாச்சும் வந்து தமிழ்ல நாலு வார்த்த சொல்லிரு, என்ன?"

"சரி, பிரதர்" என்றேன். பதின்மூன்று வயதில் எதற்கும் சரி என்று சொல்லிவிடலாம்.

அந்தத் தையிலேயே அவர் போய்விட்டார். கடற்கரை உடம்புக்குத் தில்லிக் குளிர் ஒத்துக்கொள்ளாமல், சளி நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தார். எங்கள் வீட்டில் அக்காவின் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. குவார்ட்டர்ஸ் புல்தரையில் மஞ்சள் தடவி, மாவிலை கட்டிப் பந்தக்கால் நட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது.

"கால் நட்டப்புறம் இந்த வீட்டுலேருந்து யாரும் எழவுக்குப் போகக் கூடாதுடா" என்றாள் அம்மா.

"அங்க தமிழ் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லைம்மா. நான் வரேன்னு சொல்லியிருக்கேன்."

"அக்கா நல்லா இருக்க வேண்டாமா?"

அடக்கம் நடந்த அன்று என்னைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பத்தரை மணிக்குக் கோயில் மணி அடிக்கத் தொடங்கியபோது நான் மொட்டைமாடியில் இருந்தேன். இறந்தவரின் வயதுக்கு ஒன்றாக அடிப்பது அங்கே வழக்கம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மேலே வந்து என் பக்கத்தில் நின்றாள். முப்பத்தாறு வரைக்கும் எண்ணினேன். அப்போது கீழே ஒரு பஸ் இரைந்துகொண்டு போயிற்று. அவருடைய வயது எனக்கு இன்றுவரை தெரியாது.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள். "சுபம் நடந்த வீடு, ஆறு மாசம் அந்தப் பக்கம் போகாதே" என்றார்கள். ஐந்தாவது மாதம் அப்பாவுக்கு நாக்பூருக்கு மாற்றலாகிவிட்டது. வேலை என்னைத் தில்லிக்குத் திருப்பிக் கொண்டுவந்தபோது நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். நான் குடியிருக்கும் மயூர் விஹாரிலிருந்து அந்தப் பள்ளி இரண்டு பஸ் தூரம். அடுத்த ஞாயிறு, அடுத்த குளிர்காலம் என்று தள்ளிக்கொண்டே வந்து, முழங்கால் மடங்காத வயதில், போன மாதம்தான் போனேன்.

பள்ளியில் இப்போது பிரதர் என்று ஒருவரும் இல்லை. கல்லறைகள் இருந்த இடத்தில் நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. ஆறு பேரையும் தோண்டி எடுத்து ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரே குழியில் வைத்தாயிற்று என்றாள் ஆபீஸில் இருந்த பெண். கல்லறைத் திருநாளன்று பிள்ளைகளுக்கு மாதத் தேர்வாம்.

அந்தத் தோட்டத்துக்குப் போனேன். அங்கே ஒரே கல். "இப்பள்ளியின் சகோதரர்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பெயர்கள் இல்லை. நான் நின்று பார்த்தேன். "வந்துட்டேன், பிரதர்" என்றேன். நாலு வார்த்தை என்றார், இரண்டுதான் தேறியது.

பள்ளியில் அனுமதி வாங்கி, அவர் பெயரை மட்டுமாவது தமிழில் செதுக்கக் கல்தச்சனைக் கூட்டிவந்தேன். நான் எழுதிக்கொடுத்த தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "அங்கிள்ஜி, இது எந்த ஊர் எழுத்து? தெரியாத எழுத்துக்கு ரேட் டபுள்" என்றான் இந்தியில். தக்காளிக்குக்கூடப் பேரம் பேசுகிறவன் நான்; அன்று பேசவில்லை. செதுக்குக் கூலி, ஆட்டோ, மெழுகுவர்த்தி எல்லாம் சேர்த்து நாலாயிரத்து இருநூற்றுப் பத்து ரூபாய்.