வைக்கோல் இல்லாத வயலில் ஒரு சோதனை

காலை ஆறரைக்கு நாகர்கோவில் சந்திப்பிலிருந்து பாசஞ்சர் புறப்பட்டது. திருவனந்தபுரத்துக்கு ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். கட்டணம் இருபது ரூபாய். உடன் வந்தவர் செல்லக்கனி, பூதப்பாண்டிப் பக்கத்தில் முப்பத்திரண்டு பெண்கள் சேர்ந்து நடத்தும் பால் சங்கத்தின் தலைவி. நான் அந்தச் சங்கத்தின் கௌரவ ஆலோசகன். அரசுக் கொள்முதல் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், எந்தக் கடிதத்தின் கீழ் எந்தக் கடிதத்தை வைத்துக் கட்டவேண்டும் என்று சொல்லத் தெரியும். கௌரவம் அவ்வளவுதான்.

மாசியில் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்த வயலில், உழாமலே, நெல் தாளுக்கு இடையில் தீவனத் தட்டைப்பயறும் சோளமும் விதைக்கும் இயந்திரம் ஒன்று வாங்க வேண்டும். முன்பெல்லாம் கதிர் நிற்கும்போதே பயறை வீசிவிடுவார்கள்; அறுப்பு முடிவதற்குள் முளைத்துவிடும். இப்போது அறுவடை இயந்திரத்தின் சக்கரம் அந்த முளையை நசுக்கிவிடுகிறது. அறுத்த பிறகு மண்ணில் ஈரம் நிற்பது பத்து நாள். உழுது காயவிட்டால் ஈரம் போய்விடும். மானியம் ஒரே முறை. தவறாக வாங்கினால் மறுமுறை கிடையாது.

குழித்துறை தாண்டியதும் செல்லக்கனி பேச ஆரம்பித்தார்.

“போன கோடையில ரெண்டு மாட்ட வித்தேன் சார். பச்சையே இல்ல. வெறும் வைக்கலப் போட்டா பாலு எங்கேருந்து வரும்? இப்ப நாலு நிக்கி. இந்தக் கோடையும் இப்பிடிப் போச்சுன்னா சங்கத்துக்கு போர்டு மட்டுந்தான் மிஞ்சும்.”

“பரிந்துரை எழுதிட்டேனே, கவலை எதுக்கு?” என்றேன்.

என் பையில் அது இருந்தது. கொழு வகை இயந்திரம்தான் பொருத்தம் என்று நான்கு பக்கம். பணியில் இருந்தபோது மானாவாரிச் செம்மண் நிலத்துக்காக எழுதிய குறிப்பிலிருந்து எடுத்தது. மூன்று தணிக்கைகளைத் தாண்டியது. அதைவிடப் பெரிய தகுதியை நான் அன்றுவரை அறிந்ததில்லை.

எட்டே முக்காலுக்குத் திருவனந்தபுரம். ரயில் நிலையத்திலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாக ஆரியசாலைக்கு நடந்தே போனோம். வழியில் டீ பன்னிரண்டு ரூபாய். லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்கள் தமிழில் ஏசிக்கொண்டும் மலையாளத்தில் வழி கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். முருகையாவின் இயந்திரக் கடை ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது. அவருடைய அப்பா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள். கேரளத்தில் வயல்கள் துண்டு துண்டாக இருப்பதால் சிறு டிராக்டருக்கான இயந்திரங்கள் இங்கே கிடைக்கும். நாகர்கோவிலில் நாங்கள் பார்த்தவை எல்லாம் பெரியவை.

கடையில் இரண்டு இருந்தன. ஒன்று கொழு வகை: இரும்பு நகம் மண்ணைக் கீறிக்கொண்டு போக, பின்னால் விதை விழும். எழுபத்தைந்தாயிரம். இன்னொன்று தட்டு வகை: உருளும் இரும்புத் தட்டுகள் மண்ணைப் பிளக்கும். ஒரு லட்சத்துப் பத்தாயிரம். மானியம் இரண்டுக்கும் எட்டும்.

“சாரு எழுதினது கரெக்ட். நம்ம ஊருக்கு கொழு போதும், கேட்டோ. வாங்க, வயல்ல ஓட்டியே காமிக்கலாம்” என்றார் முருகையா, என் பரிந்துரையைப் புரட்டிப் பார்த்துவிட்டு.

பத்தரைக்கு ஜீப்பில் வெள்ளாயணிப் பக்கம் பத்து கிலோமீட்டர் போனோம். இரண்டு இயந்திரங்களும் கடையிலிருந்து லாரியில் எங்களுக்கு முன்பே வந்திருந்தன. டிராக்டர் ஓட்டுபவர் ராஜன், உள்ளூர்க்காரர். அரிவாளால் அறுத்த சின்ன வயல்; விரல் உயரத் தாள், ஒரே சீராக. கொழு இயந்திரம் கோடு போட்டதுபோல் போய்த் திரும்பியது. நான் குறிப்பேட்டைத் திறந்து ‘திருப்திகரம்’ என்று எழுதினேன்.

“வைக்கல் எங்க சார்?” என்றார் செல்லக்கனி.

வயலில் வைக்கோலே இல்லை. கட்டி, வரப்பில் போராக ஏற்றியிருந்தார்கள்.

“எங்க வயல்ல அறுப்பு மெஷினு வைக்கலத் துப்பிட்டுல்லா போவும்? தாளும் முட்டுக்கு நிக்கும்.” சொல்லிக்கொண்டே போருக்குப் போனார். வரப்பில் நின்ற வயல்காரரிடம் கேட்டுவிட்டு, கைநிறைய உருவி வந்து டிராக்டருக்கு முன்னால் சிதறினார்.

“சோதனைக் களத்தை வாங்குபவர் மாற்றக் கூடாதும்மா” என்றேன். அது விதி.

“அப்போ அங்கன வந்து விதைங்க சார். நான் ஒண்ணயும் மாத்தல்ல.”

ராஜன் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டார். பத்தடிக்குள் வைக்கோல் கொழுவில் சுற்றிக்கொண்டது. இருபதடியில் ஒரு மூட்டை அளவுக்குத் திரண்டு மண்ணை வாரிக்கொண்டு போனது. பின்னால் விதை மண்மேல் மினுங்கிக்கொண்டு கிடந்தது. ஒரு மைனா இறங்கிச் சாப்பிடத் தொடங்கியது.

“வைக்கோல வாரிட்டு அடிச்சா ஒரு கொழப்பமும் இல்ல அம்மா” என்றார் முருகையா.

“யாரு வார? வைக்கல் கட்டுற மெஷினுக்கு ஆளாளுக்கு வரிசையில நிக்கோம். அது வர்றதுக்குள்ள ஈரம் போயிரும்.”

பிறகு தட்டு வகை. அது அடைத்துக்கொள்ளவில்லை. ஆனால் செல்லக்கனி பின்னாலேயே குனிந்து நடந்து, விரலால் பள்ளத்தைக் கிளறிப் பார்த்தார். தட்டு வைக்கோலை அறுக்காமல் மடித்துப் பள்ளத்துக்குள் திணித்திருந்தது. விதை வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தது, மண்ணைத் தொடாமல்.

“இதும் மொளைக்காது” என்றார். அப்போதுதான் அவர் குரல் இறங்கியது. நான் நான்கு மாடுகளை நினைத்துக்கொண்டேன்.

ராஜன் இறங்கி வந்தார். “சேச்சி, இது போரோட அடி வைக்கோல். ஈரம் உண்டு. ஈர வைக்கோல் வளையும், அறுபடாது. வெயில்ல காய்ஞ்சா அறுக்கும். பின்னே, கொஞ்சம் பாரமும் வேணும்.”

வைக்கோலை வெயிலில் பரப்பிவிட்டுத் தென்னை நிழலில் காத்திருந்தோம். பன்னிரண்டரைக்கு இரண்டு மணல் சாக்கை இயந்திரத்தின் சட்டத்தில் ஏற்றிக் கட்டினார்கள். இம்முறை தட்டுகள் வைக்கோலை நறுக்கிக்கொண்டு போயின. செல்லக்கனி பத்து இடத்தில் கிளறினார். எட்டு இடத்தில் விதை மண்ணில் இருந்தது. மீதி இரண்டும் தாழ்வான மூலையில். அங்கே சேறு தட்டில் ஒட்டிக்கொண்டது.

இரண்டு மணிக்குக் கடைக்குத் திரும்பினோம். என் பரிந்துரை நான்கு பக்கமும் மேசைமேல் இருந்தது.

“‘களநிலை மாறியதால்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். யாருக்கும் குறை வராது” என்றேன். அந்த வரியைப் பல கோப்புகளில் எழுதியிருக்கிறேன். அது எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது, பெரும்பாலும் என்னை.

“வயலு மாறல்லியே சார். அங்கனயேதான் கெடக்கு. நீங்கதான் வரல்ல.”

முருகையா மின்விசிறியைப் பார்த்தார். நான் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினேன். ‘வயலைப் பார்க்காமல் கொழு வகையைப் பரிந்துரைத்தேன். அது தவறு. தட்டு வகையே பொருந்தும்.’ கையெழுத்தும் தேதியும் இட்டேன். பணிக்காலத்தில் இவ்வளவு சுருக்கமாக எதுவும் எழுதியதில்லை.

மூன்றேகால் ரயிலில் திரும்பினோம். நெய்யாற்றின்கரை வரை இருபுறமும் அதே சின்ன வயல்கள், வாரிக் கட்டிய வைக்கோல். குழித்துறை கடந்த பிறகு ஓர் அறுவடை இயந்திரம் தெரிந்தது. பின்னால் வைக்கோல் தாறுமாறாக விழுந்துகொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை முறை இந்த ஜன்னல் வழியாக அதைப் பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை.

நாகர்கோவிலில் இறங்கியதும் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். அன்று செல்லக்கனியோடு பூதப்பாண்டி பஸ்ஸில் ஏறினேன், பதினைந்து ரூபாய். ஆறு மணிக்கு அவருடைய வயலில் நின்றோம். நெல் முற்றிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு உள்ளே இறங்கினேன். கிழக்கு மூலையில் கால் கணுக்கால்வரை புதைந்தது.

“இந்த மூலையில தட்டு ஓடுமா சார்?”

நான் காலைப் பிடுங்கி எடுத்தேன். “தெரியல்லம்மா.”

அவர் வாய்க்கால் தண்ணீர் அந்த மூலைக்குள் வரும் மடையைக் காட்டினார். “அப்போ இன்னைக்கே மடைய அடைச்சிருவோம். அறுப்புக்குள்ள இந்தச் சேறு கொஞ்சம் வாடட்டும்” என்று சொல்லிவிட்டு, மண்வெட்டி எடுக்கப் போனார்.