பதினோரு நிமிட மோர்

போன மாதம் நல்ல ஆரோக்கியமான ஒரு பெண்ணை நான் நோயாளி ஆக்கினேன். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு கிளிக்... அவ்வளவுதான்.

வாரா வாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு – அன்னூர் ரோட்டில் ஒரு டெலிவரி கம்பெனியின் ஹப்பில் நான் சூப்பர்வைசர். காலையில் லாரியில் வந்து இறங்கும் பார்சல்களை ரூட் வாரியாகப் பிரித்துப் பதினெட்டு பேரிடம் கொடுத்து அனுப்ப வேண்டும். அப்புறம் அவர்கள் எங்கே போகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று ஸ்கிரீனில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வண்டி ஓடினால் பச்சைப் புள்ளி. ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் சிவப்பு.

ஈஸ்வரி அக்காவின் புள்ளி தினமும் ஒரே இடத்தில் சிவந்தது.

பதினெட்டு பேரில் ஒரே பெண் அவர்தான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஸ்கூட்டியில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை. தோட்டத்து வீடுகளாகப் பார்த்துப் போகும் ரூட். மில் வேலையை விட்டு இங்கே வந்தவர். அவர் வீட்டில் வரும் சம்பளம் இந்த ஒன்றுதான்.

ஹப்பிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, தென்னந்தோப்புக்குள் ஒரு வீடு. அங்கே பதினோரு நிமிஷம் நிற்பார். அந்த வீட்டுக்குப் பார்சல் இல்லாத நாளிலும் நிற்பார். மூன்று வாரம் தொடர்ந்து சிவப்பு வந்து, காரணமும் எழுதாவிட்டால் ஐடி லாக் ஆகிவிடும். லாக் ஆனால் வேலை இல்லை. மூன்றாவது வாரம் முடிகிற வெள்ளிக்கிழமை அவரைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அங்க நின்னு என்னதாங்க பண்றீங்க?"

ஹெல்மெட் பட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மோர் குடுப்பாங்க தம்பி. வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க. குடிச்சுப்போட்டு வந்துருவேனுங்க."

பக்கத்தில் பார்சல் அடுக்கிக்கொண்டிருந்த கார்த்தி விடுவானா? "பதினோரு நிமிஷமாக்கா? மாட்டைப் புடிச்சுக் கறந்து, ஒறை ஊத்தி, கடைஞ்சு குடுக்கறாங்களாட்ட இருக்குது!"

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். கொஞ்சம் லேட்டாக.

நான் நம்பிவிட்டேன். நம் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் ஒரு டம்ளராவது வாங்கிக் குடிக்காமல் திரும்பி வந்துவிட முடியுமா என்ன?

சிக்கல், காரணம் எழுதும் கட்டத்தில் இருந்தது. நாமாக எதையும் எழுத முடியாது. லிஸ்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். பஞ்சர், வண்டி ரிப்பேர், ட்ராஃபிக், கஸ்டமர் தாமதம், மெடிக்கல். மோர் இல்லை. கஸ்டமர் தாமதம் என்றால் ஆர்டர் நம்பர் கேட்கும். பார்சலே இல்லாத நாளுக்கு நம்பருக்கு எங்கே போவது?

காலியாக விட்டிருக்கலாமே என்பீர்கள். என்னால் முடியாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ரேஷன் கார்டு, ஸ்காலர்ஷிப், ஆதார் திருத்தம் – எங்கள் தெருவுக்கே ஃபார்ம் நிரப்பிக் கொடுத்து வளர்ந்தவன். ஒரு கட்டம் காலியாக இருந்தால் கவுண்டரில் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்பதுதான் நான் படித்த முதல் பாடம். அதனால் யோசித்தேன். வெயில்... மோர்... உடம்புக்கு நல்லது...

மெடிக்கல். கிளிக்.

அக்காவைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை அக்காவின் ஐடி திறக்கவில்லை. 'உடல்தகுதிச் சான்றிதழ் சமர்ப்பிக்கும் வரை பணி நிறுத்தம்.' அக்காவிடம் நான் செய்ததைச் சொன்னேன். அக்கா திட்டவில்லை. "சரீங்க தம்பி" என்று டாக்டரைப் பார்க்கப் போனார். அங்கே நடந்ததை அப்புறம் அவரே சொன்னார். "ஒடம்புக்கு என்னம்மான்னு கேட்டாருங்க. ஒண்ணுமில்லீங்கன்னேன். அப்பறம் ஏம்மா வந்தீன்னாரு. ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுங்கன்னேன். ஒரு மாதிரி பாத்தாருங்க."

அந்தச் சான்றிதழை ஏற்றியும் லாக் விடவில்லை. வியாழக்கிழமை மேலிடத்துடன் நடக்கும் வீடியோ மீட்டிங்கில் பேசித்தான் எடுக்க வேண்டுமாம். அதுவரை அந்த ரூட்டுக்கு ஆள்?

செவ்வாய்க்கிழமை நானே மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்கு அந்தத் தோப்பு வீட்டுக்கும் ஒரு பார்சல் இருந்தது. வாங்க வந்த ருக்குமணி அம்மா என் முகத்தைப் பார்த்து ஏமாந்து போனார்.

"ஏங்கண்ணு, ஈஸ்வரி வரலீங்களா?"

"லீவுங்கம்மா. உங்கூட்டு மோரைப் பத்தி ரொம்பச் சொல்லுவாங்க."

"மோரா?" அந்த அம்மா என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "நானும் தெனமும் நீட்டறேன். ஒரு முழுங்கு குடிக்கோணுமே! குடிச்சா மறுக்கா போவோணும், வழியில எங்கீங்கம்மா போறதும்பா. பாத்ரூமுக்குத்தான் கண்ணு அவ இங்க வாரா."

வண்டிக்குத் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்காவின் ஸ்கூட்டியில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். மதியம் திரும்பி வரும்போதும் நிறைந்தே இருக்கும். எத்தனை நாள் பார்த்திருப்பேன்! சிக்கனமான பொம்பளை என்று நினைத்தேன். ஆண்கள் நாங்கள் ஒரு வேலி ஓரமாக வண்டியை நிறுத்தி அரை நிமிஷத்தில் முடித்துவிடுவோம். எந்தப் புள்ளியும் சிவக்காது.

ஹப்புக்குத் திரும்பி அக்காவின் பழைய கணக்கை எடுத்துப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமாக ஒரு சிவப்பும் இல்லை. நடு நடுவே வர ஆரம்பித்ததே போன தீபாவளிக்குப் பிறகுதான்; தினமும் வந்தது கடைசி மூன்று வாரம். தீபாவளிக்கு என்ன ஆனது?

என் மேஜை டிராயரைத் திறந்தேன். ஒரு சாவி இருந்தது.

தீபாவளி கூட்டத்தில் திரும்பி வந்த பார்சல்களை வைக்க இடமில்லை. ஹப்பில் பெண்களுக்கென்று ஒரு பாத்ரூம் இருந்தது. ஒரே ஒரு ஆளுக்கு எதற்குத் தனியாக என்று, அதில் காலிப் பைகளையும் பெட்டிகளையும் அடுக்கிப் பூட்டியது... நான்தான். பத்து நாளைக்கு என்று சொன்னேன். அப்புறம் மறந்தே போனேன். காலையில் ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் அக்காவுக்கு அதற்குப் பிறகு கிடைத்த முதல் கதவு, ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த ருக்குமணி அம்மா வீட்டுக் கதவு.

வியாழக்கிழமை வந்தது. ஸ்கிரீனில் எட்டு முகங்கள். மேலதிகாரி கேட்டார்.

"மெடிக்கல்னு போட்டது யாரு?"

"நாந்தாங்க சார். தப்பாப் போட்டுட்டேன்."

"தப்பான என்ட்ரி போட்டா உங்க ஐடிக்கும் நோட்டீஸ் வரும், தெரியுமில்ல? ஏன் போட்டீங்க?"

"லிஸ்ட்ல பாத்ரூம் இல்லீங்க சார்."

எட்டு முகமும் அசையாமல் நின்றன. நெட்தான் போய்விட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"ஹப்ல இருக்குமே?"

இருக்கிறது. பூட்டி இருக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது. மூன்றையும் சொன்னேன்.

எங்கள் மேனேஜர் பிரபு சார் பக்கத்து நாற்காலியில் இருந்தார். டார்கெட் என்றால் கத்துகிற மனிதர். அன்றைக்கு நிச்சயம் கிழிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "தெனமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் சார் நானும் போறேன். எம்பேர்லயும் நோட்டீஸ் போட்டுக்குங்க. அந்தம்மா ஐடியை மொதல்ல எடுத்துவுடுங்க."

அன்றைக்கு மத்தியானமே கார்த்தியும் நானும் அந்த அறையைக் காலி செய்து கழுவினோம். கார்த்திதான் பினாயில் ஊற்றித் தேய்த்தான். முடித்து வெளியே வந்து, "மோர்னு ஓட்டிப்போட்டேனேண்ணா" என்றான். அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஐடி திறந்தது. நோட்டீஸ் எனக்கும் வந்தது, சாருக்கும் வந்தது. எங்கள் ஹப் ஆட்கள் யார் வழியில் பதினைந்து நிமிஷம் வரை நின்றாலும் இனி காரணம் கட்டாயமில்லை என்று ஒரு மெயிலும் வந்தது. அந்தச் சாவியை அக்காவிடமே கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு, "இதை மொதல்லயே கேட்டிருக்கலாமுங்க. உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னுதான்..." என்றார். என்னைவிட வயதில் மூத்த ஒரு பெண், பாத்ரூம் சாவிக்கு என் முன்னால் நிற்கக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார். படித்தவன் என்று தெருவே சொல்லும் எனக்கு, அது எந்தக் கட்டத்திலும் தெரியவில்லை.

போன திங்கட்கிழமை அதே தென்னந்தோப்பில் மறுபடியும் சிவப்பு. பதினோரு நிமிஷம். பதறிப்போய் ஃபோன் போட்டேன்.

"என்னாச்சுங்கக்கா?"

"மோருங்க தம்பி" என்றார். பின்னால் ருக்குமணி அம்மா "இன்னொரு டம்ளர் ஊத்தட்டுமா அம்மணி?" என்று கேட்பது தெளிவாகக் கேட்டது.

காரணம் எழுதும் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டேன்.