பிடிமண்ணும் வாக்காளர் இடாப்பும்

என் அப்பாவின் பெயர் வாக்காளர் இடாப்பில், அதாவது ஓட்டுப் பட்டியலில், சில ஆண்டுகள்தான் இருந்தது. அது அதில் ஏறியதில் எனக்குப் பங்கில்லை. நீங்கியதில் உண்டு.

அப்பா கண்டிக்கு அருகே தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சில்லறைக் கங்காணி. இருபது பேரை மலைக்குக் கூட்டிப்போய் வேலை வாங்குகிறவர். பத்து வயதில் பெற்றோருடன் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்தார். அவர்களை இந்த மலையிலேயே புதைத்தார். நான் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, எட்டாம் வகுப்புவரை படித்து, கண்டியில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று சட்டம் வந்தபோது, எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் நிபந்தனை இருந்தது. ஐந்து வருடமாவது இங்கே வசித்திருக்க வேண்டும். இங்கேயே நிலைத்திருக்கும் எண்ணமும் வேண்டும். வருடத்தை எண்ணிவிடலாம். எண்ணத்தை யார், எப்படிப் பார்ப்பது? அந்த முதல் தடவை யாரும் அதைத் தோண்டிக் கேட்கவில்லை. அப்பாவின் பெயர் ஏறியது.

ஓட்டுப் போட்ட அன்று அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். அப்போது வேட்பாளருக்கு ஒரு நிறப் பெட்டி; எந்த நிறப் பெட்டியில் போட்டார் என்று எங்களிடம் சொல்லவில்லை. சொன்னது இதைத்தான்:

"பேரச் சொன்னேன். பொஸ்தகத்துல தேடிப் பாத்துட்டு, 'இருக்கு, உள்ள போங்க'ன்னாரு. போங்கன்னாருடா!"

துரை தொடங்கிக் கணக்கப்பிள்ளை வரை தோட்டத்தில் அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அதன் பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் குலதெய்வமான கருப்பசாமி மதுரைக்குத் தெற்கே அப்பாவின் ஊரில் இருந்தது. பிள்ளைகளுக்கு முடியிறக்குவதும் காது குத்துவதும் அங்கே போய்த்தான். போக வழியில்லாமல் என் தங்கையின் மகன் நான்கு வயதுவரை சடையோடு திரிந்தான்.

"ஓட்டு இங்க இருக்கு, சாமி மட்டும் அங்க எதுக்கு?" என்றார் அப்பா.

பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து, குடியேறிய இடத்தில் போட்டுக் கல் நட்டால் சாமியும் கூடவே வந்துவிடும். அதைத்தான் பிடிமண் என்பார்கள். ஆனால் அப்படிக் கொண்டு வந்தவர்கள் பழைய ஊர்க் கோயிலை அத்தோடு விட்டுவிட வேண்டியதுதான். துரையிடம் கடிதம் வாங்கிக்கொண்டு அப்பா ரயிலிலும் கப்பலிலும் போனார். திரும்பும்போது மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்கென்று ஒரு வாரம் அடைத்துவைத்து, உடுத்தியிருந்த துணியைக்கூட அவித்துக் கொடுத்தார்களாம். மண் முடிச்சை வெற்றிலைப் பையில் பாக்குக்கு அடியில் வைத்துத் தப்புவித்திருக்கிறார். லயத்துக்கு மேலே ஒரு பலாமரத்தடியில் கல் நட்டார். தங்கை மகனுக்கு அங்கேயே முடியிறக்கினார்.

"இனிமே அக்கரையில நமக்கு ஒரு சோலியும் இல்ல" என்றார்.

சில வருடங்கள் கழித்து, முப்பதுகளின் கடைசியில், இடாப்பைத் திருத்தத் தொடங்கினார்கள். அப்பாவின் பெயர்மேல் யாரோ ஆட்சேபம் எழுதியிருந்தார்கள். இவர் இந்தியாவுக்குப் போய்வருகிறவர், நிலையான குடி அல்ல என்று. விசாரணைக்குக் கண்டிக் கச்சேரிக்கு, அரசாங்க அலுவலகத்துக்கு, வரும்படி கடிதம் வந்தது.

முதலாளியிடம் லீவு கேட்டேன். நல்ல மனிதர், பல தலைமுறையாகக் கண்டியில் இருக்கிற குடும்பம். அவர் பெயரை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

"தம்பி, ஒங்கட வாப்பாவ நெறையப் பேச உடாதீங்க. கேட்டதுக்கு மட்டும் ஒரு சொல்லு. கச்சேரிக் கந்தோர்ல கத சொல்லப் போனா அவ்வளவுதான்" என்றார்.

எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நான் பிறவியிலேயே வாய் பேசாதவன் போலத்தான். கடையிலும் கேட்டதை எடுத்துக் காட்டுவேனே தவிரப் பேசி விற்கத் தெரியாது. அப்பாவோ ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வார். முதல் நாளே தோட்டத்துக்குப் போய், "கேட்டதுக்கு ஒத்த வார்த்த, அதுக்கு மேல வேணாம்" என்று அவரை உட்காரவைத்துப் பழக்கினேன்.

விசாரணை அதிகாரி இங்கிலீசில் கேட்டார். அதைத் தமிழில் சொன்னவர் யாழ்ப்பாணத்துக்காரர், கச்சேரியில் மொழிபெயர்க்கும் உத்தியோகத்தரான முதலியார். கெட்டவர் அல்லர், களைத்திருந்தார். வெளியே இன்னும் முப்பது பேர் நின்றார்கள்.

"இந்தியாவுக்குப் போனனீரோ?"

"ஆமாங்க."

"என்னத்துக்கு?"

அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். வாய் நிறைய இருந்ததை விழுங்கிவிட்டு, "சாமிக்குங்க" என்றார்.

முதலியார் அதை இங்கிலீசில் சொன்னார். இவருடைய குடும்பக் கோயில் இந்தியாவில் இருக்கிறது, அங்கே கும்பிடப் போனாராம் என்று. அதிகாரி தலையசைத்து எழுதினார். எட்டாம் வகுப்பு இங்கிலீசு எனக்கு அந்த அளவுக்குப் போதும். கும்பிடப் போகவில்லை ஐயா, கொண்டுவரப் போனார். இனிமேல் போகாமலிருக்கத்தான் போனார். நான் சொல்ல வேண்டியிருந்தது அந்த இரண்டு வரிதான். என் பெயரும் நகர இடாப்பில் இருந்தது. வாயைத் திறந்தால் நீ யார், உன் பெயர் எங்கே என்று என் பக்கம் திரும்புவார்களோ என்று பயந்தேன். சுவரில் மாட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி, நீர் போகலாம்" என்றார் முதலியார்.

படியிறங்கும்போது அப்பா கேட்டார்: "சரியாத்தானே சொன்னேன்? சுருக்கமா?"

"சரிதாம்பா" என்றேன்.

புதிய இடாப்பு ஒட்டியபோது என் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை. அன்றுதான் முதலியார் என்ன சொன்னார் என்பதை அவரிடம் சொன்னேன்.

"ஒனக்கு அது அப்பவே வெளங்கிச்சா?"

"வெளங்கிச்சு."

என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அடுத்த மாதம் ஊரிலிருந்து அவருடைய பெரியப்பா மகன் கடிதம் எழுதியிருந்தார். அங்கே உங்களை வேண்டாமென்கிறார்களாமே, குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்று. நான்தான் படித்துக் காட்டினேன். அப்பா பலாமரப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமிய இங்க கொண்டாந்து வச்சிட்டு எங்கடா போறது?"

"அப்படியே பதில் எழுதட்டுமாப்பா?"

"எழுது. சுருக்கமா எழுது. ஒனக்கு அதுதான் நல்லா வருமே."