கூட்டுக்குள் அவள் விரித்தது

எங்கள் பின்கொல்லைக்காரிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். எல்லாருக்கும் அவள் ஊசி. தோள்பட்டைத் துணியில் நூல் கோத்த ஊசி ஒன்று எப்போதும் குத்தியிருக்கும். பேசிக்கொண்டே அதை உருவுவாள், எதிரில் நிற்பவரின் சட்டையில் ஆடுகிற பொத்தானை இறுக்கித் தைப்பாள், நூலைப் பல்லால் கடிப்பாள், பேச்சு மட்டும் நிற்காது. என் வீட்டுக்காரர் அவளைத் தூரத்தில் கண்டாலே பொத்தான்களைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

கம்பெனி ஆட்களுக்குச் சீருடை தைப்பது அவள் பிழைப்பு. வெட்டிய துணி மூட்டையாக வரும், தைத்த சட்டை மூட்டையாகப் போகும். புருஷன் போன பிறகு அந்த மிஷினை மிதித்தே ஒரே மகளை வளர்த்தாள், கட்டிக் கொடுத்தாள். மகள் வீடு அடுத்த தெருவில்தான். ஊசி வீட்டு ஜன்னலோரம் மிஷின், அதன் காலடியில் நீல நிற வெட்டுத்துணிக் குவியல். ஒரு துண்டைத் தூக்கி எறிய அவளுக்கு மனசு வராது. தலையணைக்குள் திணிப்பாள், மிதியடி தைப்பாள், மேஜை துடைப்பாள். அப்படியும் குவியல் குறையாது.

ஒரு மழையில் எங்கள் இரண்டு கொல்லைக்கும் நடுவே இருந்த சுவர் சரிந்தது. திரும்பக் கட்டுவதா என்று நாங்கள் யோசிக்கும்போதே அவள் இடிந்த கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"அக்கா, இந்த ஓட்டைய அடைக்கறதுக்குப் பதிலா ஒரு கோழிக்கூடு வைப்போம். உன் பக்கம் ஒரு கதவு, என் பக்கம் ஒரு கதவு."

"கோழி யாருது?"

"கூடு யாருதோ அவங்களுது."

அப்படித்தான் ஆரம்பித்தது. உன் கோழி, என் கோழி என்று கடைசிவரை பிரிக்கவில்லை. முட்டை எடுக்கப் போனவள் கையில் கிடைத்ததை இரண்டு வீட்டுக்கும் பங்கு வைப்பாள், அவ்வளவுதான்.

எங்களுக்குள் சண்டை வந்ததெல்லாம் கூட்டுக்குள் கீழே எதைப் போடுவது என்பதில்தான். கோழி வளர்க்காதவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். கோழி நிற்பது, படுப்பது, கழிவது எல்லாம் அந்த ஒரே தரையில். அது ஈரமானால் நாற்றம், நாற்றம் வந்தால் சளி, சளி வந்தால் கூடு காலி. முதலில் பழைய செய்தித்தாள் போட்டோம். குஞ்சுகள் அதில் வழுக்கிக் காலைப் பரப்பிக்கொண்டு விழுந்தன. வைக்கோல் போட்டோம், நனைந்து பூசணம் பிடித்தது. மணல் நல்லதுதான், ஆனால் அந்தக் கூட்டின் பலகைத்தரை பாரம் தாங்காமல் முனகியது. அப்போதுதான் ஊசி தன் குவியலைக் காட்டினாள்.

"இத்தன துணி சும்மா கெடக்கு. மெத்து மெத்துனு இருக்கும்க்கா. கோழிக்கு மெத்தை போட்ட பெருமை நமக்கு."

"துணி சரி. அதுல தொங்கற நூல் கால்ல சுத்தும். சுத்துனா இழுக்க இழுக்க இறுகும். வேணாம்."

"கோழி காலுக்கு இவ்ளோ பயமா? உன் வீட்டுக்காரர் காலு வீங்கினப்போகூட இப்படிப் பதறல நீ."

"அவர் வாயால சொல்லுவாரு. கோழி சொல்லுமா?"

சிரித்தாள். துணி போட மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தாள். என் தம்பி மரப்பட்டறையில் கதவு, ஜன்னல் செய்கிறவன். இழைப்புளியில் சுருள் சுருளாக விழுமே, அந்த மரச்சீவலை மூட்டை கட்டிக் கொண்டுவரச் சொன்னேன். பூச்சு அடித்த மரத்தின் சீவலும் மாவு போன்ற ரம்பத்தூளும் கலக்காமல் பார்த்துக் கட்டுவான், தூள் கோழியின் மூக்கில் ஏறும் என்பதால். கூடு சரியாகிவிட்டது. கை வைத்தால் பொலபொலவென்று உலர்ந்து இருந்தது. நாற்றம் என்ற பேச்சே இல்லை.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். கூட்டுக்கு வெளியே வலையடித்த இடத்தில் சருகு கொட்டுவது, கிளறுவது, தீனி வைப்பது என் பொறுப்பு. கூட்டுக்குள்ளே வேலை அவளுடையது, ஏனென்றால் கூடு தாழ்வு, என் முழங்கால் மடங்காது. தம்பி மூட்டையை அவள் பக்கக் கதவோரம் இறக்கிவிட்டுப் போவான். அவள் பழையதை வாரிவிட்டுப் புதியதை விரிப்பாள். நான் என் பக்கக் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பேன். மேலே வெள்ளையாகச் சீவல் தெரியும். போதும் எனக்கு. கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் ஊசியின் கைச் சுத்தத்தைப் பற்றித்தான் என் பேச்சு. கூடப்பிறந்தவள்கூட அப்படி அமையமாட்டாள் என்று அவள் காதுபடவே சொல்லியிருக்கிறேன்.

பிறகு கறுப்பி நொண்ட ஆரம்பித்தது. கறுப்பி எங்கள் கோழிகளில் மூத்தது, நான் சருகு கிளறும்போது காலைச் சுற்றிச் சுற்றி வருவது. அன்றைக்கு வரவில்லை. வலையோரம் ஒற்றைக் காலில் நின்றது. ஊசியைக் கூப்பிட்டேன். அவள் அதை மடியில் வைத்து, காலைக் கையால் மூடினாற்போலப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"முள்ளு குத்தியிருக்கும்க்கா. எண்ணெ வச்சா வீக்கம் வடிஞ்சிரும்."

எண்ணெயும் அவளே கொண்டுவந்து தடவினாள். எவ்வளவு பக்குவமாகத் தடவினாள் என்று இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. வடியவில்லை. விரல் கறுத்தது. தம்பி மூட்டையோடு வந்த நாளில் கறுப்பியைப் பிடித்து வெயிலில் காலைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். வீக்கத்துக்குள் புதைந்து, சதையோடு சதையாக, ஒரு நீல நூல்.

தம்பி குனிந்து கூட்டுக்குள் கையை விட்டான். மேலே ஒரு விரல்கடைக்குச் சீவல். அதற்குக் கீழே தரைவரைக்கும் துணி. நனைந்து கட்டி கட்டியாக, எச்சத்தோடு ஒட்டிய நீலத் துணி. பிடி பிடியாக அள்ளி என் முன்னால் போட்டான்.

"அக்கா, நான் கொண்டாந்த மூட்டையெல்லாம் எங்க போச்சு?"

எனக்கு எப்படித் தெரியும். ஊசியைக் கூப்பிட்டேன். வந்தாள், தரையில் கிடந்ததைப் பார்த்தாள். சொல்லாமல் துணி போட்டதற்கு ஒரு சாக்காவது சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"மவ வீட்டுக்குப் போச்சு" என்றாள். "அவ ஆசையா கோழி வாங்கினா. நாத்தம் அடிக்குது, வித்துத் தொலைன்னு மாமியார் ஒரே சத்தம். சீவல் போட்டப்புறம்தான் அந்த வீட்ல அவளுக்கு நிம்மதி."

"அப்ப இங்க இருக்கற கோழி?"

"மேல போட்டேனே."

"நான் பாக்கற அளவுக்குப் போட்ட."

அவள் கால்விரலால் துணிக்கட்டி ஒன்றை ஓரமாகத் தள்ளினாள்.

"கறுப்பி கால்ல இருந்தது நூலுன்னு தெரிஞ்சுதான் முள்ளுன்னியா?"

தலையைக் குனிந்தாள். தோளில் குத்தியிருந்த ஊசியை விரலால் தொட்டுக்கொண்டே நின்றாள். அந்த நூலை அன்றைக்கே அறுத்திருந்தால் விரல் பிழைத்திருக்கும். அறுத்தால் நான் நூலைப் பார்த்துவிடுவேன். அதனால் எண்ணெய் தடவியிருக்கிறாள். துணியைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அந்த எண்ணெயை என்னால் பொறுக்க முடியவில்லை.

"எங்கிட்டக் கேட்டிருந்தா உன் மவளுக்குத் தனியா ஒரு மூட்டை கொண்டாரச் சொல்லியிருக்க மாட்டேனா?"

"சொல்லியிருப்ப. குடுத்திருப்ப. குடுத்துட்டு, கடையில, கல்யாணத்துல, எல்லார்கிட்டயும் அதையும் சொல்லியிருப்ப. அது அவ மாமியார் காதுக்குப் போகும். அம்மாக்காரி பக்கத்து வீட்ல பிச்சை எடுத்துப் போடறான்னு பேச்சு வரும்."

என்னைக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என் வாய் நீளம் எனக்குத் தெரியாததல்ல.

"சொல்லியிருப்பேன்தான்" என்றேன். "அதுக்கு என் வாயத் தச்சிருக்கலாமே நீ. கோழி கால எதுக்குக் கட்டின?"

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஊசி அழுதாள். நான் அழவில்லை, அவள் முன்னால் அழுவதாக இல்லை.

கறுப்பியின் விரல் ஒன்று உதிர்ந்துவிட்டது. கால் தப்பித்தது. கூடு தப்பிக்கவில்லை. அதைப் பிரித்து, பலகையைப் பாதி பாதியாக எடுத்துக்கொண்டு, சுவரை எழுப்பச் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார்.

"ஒரு கோழி விரலுக்காக இத்தன வருஷப் பழக்கத்த அறுத்துக்குவியா?"

"விரலுக்காக இல்லீங்க" என்று மட்டும் சொன்னேன். மேலே விளக்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கு, அதிசயம்தான்.

கொத்தனார் வருவதற்கு முந்தின நாள் கோழிகளைப் பிரித்தோம். ஆளுக்கு ஒன்றாக மாறி மாறிப் பிடித்தோம். முதலில் பிடிக்கும் முறை அவளுக்கு விட்டேன். நன்றாக முட்டையிடும் சிவப்பை எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் நேராக வலையோரம் போய்க் கறுப்பியைத் தூக்கினாள்.

"அத வை."

"நான் பண்ணினது, அக்கா. நானே பாத்துக்கறேன். எங்கிட்டயே இருக்கட்டும்."

"நீ பாத்துக்கிட்டதப் பாத்தாச்சு. வை."

"அக்கா, இத ஒண்ண மட்டும் குடு. சிவப்பு, புள்ளி எல்லாத்தையும் நீயே வச்சுக்க."

கறுப்பி அவள் கையில் அமைதியாக இருந்தது. அதற்கு என்ன தெரியும். நான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவள் விடாமல் பிடித்திருந்ததால் இறகு ஒன்று அவள் விரலோடு போயிற்று.

சுவர் எழும்பிவிட்டது. அதற்கப்புறமும் இரண்டு முறை வாசல் வழியாகவே வந்து கறுப்பியைக் கேட்டாள். தண்ணீர் கொடுத்தேன், உட்காரச் சொன்னேன், அவள் மகளைப் பற்றி விசாரித்தேன். கோழியைக் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டால் அவள் மனசு ஆறிவிடும். என்னுடையது ஆறாதே. தம்பியிடம் மட்டும், அவள் மகள் வீட்டுக்கு நேராகவே ஒரு மூட்டை போட்டுவிடு, என் பெயரைச் சொல்லாதே என்று சொல்லியிருக்கிறேன். இதை வேறு யாரிடமும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

என் பக்கத்துக் கூட்டை உயரமாக வைத்துக் கட்டியாயிற்று, குனிய வேண்டியதில்லை. சீவலைத் தம்பி கொட்டுகிறான், நானே என் கையால் விரிக்கிறேன். வேறு யாரும் உள்ளே கை வைப்பதில்லை. ஆனாலும் காலையில் கதவைத் திறந்ததும் கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டு, அடிப்பலகை தட்டும்வரை துழாவிப் பார்க்கிறேன்.