தாமிரா வாய் திறக்கும் இடம்

என் அக்கா ரஜியாவுக்குக் கள்ளக்குறிச்சியில் துருகம் ரோட்டில் வீடு. கீழே அவள் கணவர் சாதுல்லாவின் பெயிண்ட் கடை, மாடியில் அவளுடைய கம்ப்யூட்டர். சென்னையிலிருந்து ஆங்கிலக் கார்ட்டூன்கள் வரும். பாத்திரங்களின் வாயசைவுக்குப் பொருந்துகிற மாதிரி தமிழ் வசனம் எழுதி அனுப்புவாள். காமிக்ஸ் மொழிபெயர்த்துப் பழகிய கை, அதனால் வேலை தானாக வந்தது.

கடைசியாக அவள் கையில் இருந்தது ஒரு சூப்பர் ஹீரோ அணியின் கதை. அந்த அணியில் இரும்பை வளைப்பவள் ஒருத்தி, அடி வாங்கினாலும் உடையாதவன் ஒருவன். அவர்களுக்குத் தாமிரா, வஜ்ரன் என்று தமிழில் பேர் வைத்தது அக்காதான். காமிக்ஸில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டு பிரிந்தார்கள். தாமிரா நீலன் என்ற இன்னொருவனோடு போனாள். பிறகு கதையையே முதலிலிருந்து தொடங்கி, பழையபடி சேர்த்துவிட்டார்கள். டிவியில் ஓடியது வேறு கதை.

மச்சான் மதியச் சாப்பாட்டுக்கு மேலே வரும்போது திரையை எட்டிப் பார்ப்பார்.

"இப்ப யாரோட கீறா இவ?"

"வஜ்ரனோட."

"போன வாரம் நீலன்னு சொன்ன?"

"அது புக்குல. இது டிவி."

"ரெண்டு வூடா அவளுக்கு? நம்மளால ஒரு வூட்டுக்கே வெள்ளை அடிக்க முடியல."

"பெயிண்ட் கடைக்காரர் பேசற பேச்சா இது" என்பாள் அக்கா.

குழந்தைகள் பார்க்கும் சேனல் என்பதால் காதல் பேச்சு கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். சென்னையில் டப்பிங்கைக் கவனித்துக்கொண்ட கண்ணகி, தாமிரா வஜ்ரனை என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டாள். "அண்ணான்னு போட்டுடலாம், இன்னா இப்ப" என்றாள் அக்கா. அவளுக்கு அது பெரிய விஷயமே இல்லை. மச்சான் எங்கள் பெரியப்பா மகன். நிக்காஹ் ஆகும் வரை அக்கா அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். எங்கள் குடும்பங்களில் அது சகஜம். தாமிராவும் பின்னால் கட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்திருக்கிறாள்.

கண்ணகி தியாகதுருகத்துக்காரி, விவசாயக் குடும்பம். அவர்களுக்குப் பெரியப்பா மகன் என்றால் கூடப்பிறந்தவன் மாதிரிதான். அண்ணா என்று ஒரு முறை எழுதிவிட்டால் அதோடு கல்யாணப் பேச்சு முடிந்தது.

நிக்காஹுக்குப் பிறகு அக்காவுக்கு ஒரு சிரமம் வந்தது. அண்ணே என்று கூப்பிட முடியாது. பேர் சொல்வதும் வழக்கமில்லை. மற்ற பெண்கள் சொல்வது போல் ஏங்க என்றால் அவர் சிரித்துவிடுவார். கடைசியில் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே இருந்துவிட்டாள். மாடியிலிருந்து கைப்பிடிக் கம்பியைத் தட்டுவாள், அவர் மேலே பார்ப்பார்.

ஆடி மாதத்தில் ஒரு மதியம் கடையிலேயே அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில், "பேர் சொல்லிக் கூப்பிடுங்கம்மா, காதுல விழும்" என்றாளாம் நர்ஸ். அக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

இத்தா தொடங்கியது. கணவனை இழந்தவள் வெளியே போகாமல் வீட்டிலேயே இருக்க வேண்டிய காலம் அது. கடையை யாரும் திறக்கவில்லை. இந்த எழுத்து வேலை ஒன்றுதான் மிச்சம். நான் வேலை பார்க்கும் தோஹாவிலிருந்து தினமும் போனில் கூப்பிடுவேன். "சாப்பிட்டியா?" என்பேன். "உம்" என்பாள். அழுதாளா என்று தெரியவில்லை, கேட்கவும் பயம். பின்னால் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

அப்போதுதான் சீசனின் கடைசி எபிசோடு வந்தது. வஜ்ரன் விழுந்து கிடக்கிறான். தாமிரா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கூப்பிடுகிறாள். வாய் இரண்டு முறை பெரிதாகத் திறக்கிறது. அக்கா மற்ற வசனம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டு அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். கண்ணகி போன் செய்தாள்.

"அங்க அண்ணா அண்ணான்னு போட்டா முடிஞ்சுது. ஏன் வுட்டுட்ட?"

"அது வேணாங்க."

"ஆரம்பிச்சதே நீதானே ரஜியா. சீசன் பூரா அண்ணான்னுட்டு சாவறப்ப மட்டும் மாத்துனா, மேல கேப்பாங்க. அடுத்த சீசனை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. உன் நெலமைக்குச் சொல்றேன்."

"தெரியுங்க."

"வாய் தொறந்து கீது. எதுனா வேணுமே."

"வெறும் மூச்சுச் சத்தம் வெச்சிக்குங்க."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

தாமிராவுக்குக் குரல் கொடுக்கிற பெண்ணை வைத்துப் பார்க்கிறேன், மேலே ஒத்துக்கொள்வார்களா தெரியாது என்றாள் கண்ணகி.

மேலே யாரும் எதுவும் கேட்கவில்லை. கவனித்தார்களா என்பதே தெரியாது. எபிசோடு ஓடிய அன்று நான் தோஹாவில் அறையில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். தாமிரா வாய் திறக்கிறாள், காற்று மட்டும் வருகிறது, திரும்பவும் திறக்கிறாள். உடனே விளம்பரம் வந்துவிட்டது.

இத்தா முடிந்து சில வாரங்களில் அடுத்த சீசனும் அவளுக்கே வந்தது. முதல் காட்சியிலேயே வஜ்ரன் எழுந்து நடந்துவந்தான். இந்தக் கதைகளில் எவனும் செத்தே கிடப்பதில்லை. அக்காவுக்கு அது முன்பே தெரியும், காமிக்ஸில் அவன் இப்படி எத்தனையோ முறை திரும்பி வந்திருக்கிறான்.

"வந்துட்டான்" என்றாள் கண்ணகி. "இனிமே மூச்சு வெச்சே ஓட்ட முடியாது. இன்னான்னு கூப்புடுவா?"

"பேர் சொல்லியே கூப்புடட்டும்."

"சேனல்ல?"

"பேர் சொல்றதுல அவங்களுக்கு இன்னா கஷ்டம்?"

அன்று இரவு வழக்கம் போல நான் கூப்பிட்டேன். புது சீசன் எப்படிப் போகிறது என்று கேட்டேன். வஜ்ரன், வஜ்ரன் என்று சொல்லிப் பார்த்ததாகச் சொன்னாள்.

"வாய்க்குச் சரியா உக்காருது" என்றாள்.

"சாப்பிட்டியா?"

"உம்."