தாளிப்பனை பூத்த செய்தி

எங்கள் வளவில் தாளிப்பனை பூத்த வருடம்தான் அக்காவுக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. எங்கள் வீடு சாவகச்சேரிக்குக் கிழக்கே. மாப்பிள்ளை வீடு கீரிமலைப் பக்கம். தாலிக்குப் பொன்னுருக்க நாளும் வைத்தாயிற்று. வயது ஏறிக்கொண்டு போன அக்கா, தலையணை உறைக்குப் பூவேலை செய்தபடி தன்பாட்டில் சிரித்துக்கொண்டிருப்பாள். இளையவளான எனக்கு அதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும்.

தாளிப்பனை ஆயுளில் ஒரேயொரு முறை பூத்துக் காய்த்துப் பட்டுப்போகும். அது பூத்த வளவில் வருடத்துக்குள் ஒரு சாவு விழும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம். பூ வெளிவர முன்னமே தறித்துவிடுகிறவர்களும் உண்டு. ஐயா தறிக்கவில்லை. உச்சியில் பூ, தட்டில் புட்டைக் குவித்ததுபோல வெள்ளையாய் நின்றது. அயலவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு வாய் திறவாமல் போனார்கள். கலியாண வீடென்று அவர்களுக்குத் தெரியும்.

ஐயாவுக்குத்தான் அந்தப் புத்தி இருக்கவில்லை. பட்டணத்துப் பத்திரிகையை ஓரெழுத்து விடாமல் சத்தமாக வாசிக்கிற மனுசர் அவர். நடுத்தண்டில் குலை தள்ளிய வாழை, யாரோ வீட்டில் பூத்த அபூர்வக் கள்ளி என்று செய்தி வந்தால் இரண்டு தரம் வாசிப்பார்.

“கள்ளி பூத்ததுக்கு அரைப் பத்தி போடுறாங்கள். எங்கடை தாளிப்பனைக்கு ஒண்டுமில்லையோ?” என்றார் ஒருநாள்.

“இஞ்சருங்கோ, உதை ஊருக்குச் சொல்லாதேங்கோ,” அம்மா கெஞ்சினார். “பிள்ளையின்ரை கலியாணம் முடியட்டும்.”

“உனக்கென்ன விசரே? படிச்ச சனம் உதுகளைப் பாக்குமோ?”

எழுதிப் போட்டார். ஊரும் அவர் பெயரும் அச்சில் வந்தன. பத்திரிகையை அக்குளில் செருகிக்கொண்டு சந்தை முழுக்கச் சுற்றினார். கீரிமலையிலும் பத்திரிகை வாசிப்பார்கள் என்பது அந்த மனுசருக்குத் தோன்றவேயில்லை!

மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

“இனிப் பொன்னுருக்கு வேண்டாம். குறை நினையாதேங்கோ,” என்றார். “பூத்தது எங்கடை காதிலை விழுந்திருந்தாலும் தெரியாத மாதிரி இருந்திருப்பம். நீங்கள் பேப்பரிலை போட்டிட்டியள். இனி ஆரிட்டைத் தெரியாதெண்டு சொல்லுறது?”

அக்கா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டாள். அழவில்லை. தலையணை உறையை மடித்துப் பெட்டகத்தின் அடியில் வைத்தாள். அதற்குப் பிறகு பெண் கேட்டு ஒருவரும் எங்கள் படலையைத் திறக்கவில்லை. ஐயாமேல் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

வருடம் திரும்பியது. வீட்டில் எல்லோரும் சுகமாகவே இருந்தோம். அதையும் ஐயா பத்திரிகைக்கு எழுதினார். அவர்கள் போடவில்லை. ஒருவரும் சாகாதது ஒரு செய்தியா?

மரம் காய்களைக் கொட்டத் தொடங்கிவிட்டது. அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்த ஒரு காலை, ஐயா அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“பாத்தியே பிள்ளை, வருசம் முடிஞ்சுது. இந்த வளவிலை ஒரு சாவும் விழேல்லை.”

அக்கா விளக்குமாற்றை நிறுத்தினாள்.

“என்னையும் சேத்தோ ஐயா எண்ணினனீங்கள்?”

அன்று வந்த பத்திரிகை பிரிக்காமலே கிடந்தது.